கப்பல் நம்மள விட்டுட்டு கெளம்பிட்டா யாரு பாத்துக்குவாங்க? போர்ட் ஏஜென்ட், கப்பல் செக்யூரிட்டி, கம்பெனி ஆப், மூணுக்கும் ரிவ்யூ

கப்பல் டூர் ரிவ்யூ எழுதறவங்க எல்லாரும் பஃபே, பால்கனி ரூம், நைட் ஷோ இதப்பத்திதான் எழுதறாங்க, அதெல்லாம் எங்களுக்கும் நல்லாவே இருந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நான் எழுதப்போறது யாரும் ரேட் பண்ணாத ஒரு சர்வீஸ பத்தி. நீங்க ஊர் சுத்திட்டு திரும்பி வர்றதுக்குள்ள கப்பல் கெளம்பிடுச்சுன்னா அந்தக் கம்பெனி உங்களுக்கு என்ன செய்யும்? டிக்கெட் காசுல இதுவும் சேந்துதான் இருக்கு. எங்க அக்காவும் மாமாவும் கிரீஸ்ல சாண்டோரினி தீவுல மாட்டிக்கிட்டாங்க, நான் அவங்க பொண்ண வெச்சுக்கிட்டு கப்பலுக்குள்ள இருந்தேன், அதனால கரைல என்ன நடந்துச்சு கப்பல்ல என்ன நடந்துச்சுன்னு ரெண்டு பக்கமும் எனக்கு தெரியும். கம்பெனி பேரு போட விரும்பல, அடுத்து எந்தக் கப்பல்ல போறவங்களுக்கும் இது உதவணும்னுதான் எழுதறேன்.

மொதல்ல மார்க்க சொல்லிடறேன். கரைல கப்பல் கம்பெனி சார்பா இருந்த போர்ட் ஏஜென்ட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு. கப்பல் செக்யூரிட்டிக்கு நாலரை. கம்பெனியோட ஆப்புக்கு ஒண்ணு. கப்பல் நிக்காம போனதுக்கு நான் மார்க் கொறைக்கவே இல்ல, அது ஏன்னு கீழ எழுதியிருக்கேன்.

சாண்டோரினில பெரிய கப்பல் எதுவும் கரைய ஒட்டி நிக்காது. எரிமலை வெடிச்சு உள்ள எறங்கின பள்ளத்துல கடல் நெறஞ்ச எடம் அது, பெரும்பாலான எடத்துல நங்கூரம் போட்டா தரைக்கே எட்டாத ஆழம், அதனால கப்பல் எஞ்சின் ஓட்டிக்கிட்டே எடத்த புடிச்சுக்கிட்டு மிதக்கும், நாம டெண்டர்ங்கற சின்ன போட்ல ஏறி கரைக்கு போகணும். போட் எறக்கி விடற பழைய துறைமுகம் கீழ இருக்கு, ஃபிரா ஊரு மலை உச்சில இருக்கு. ஏறி எறங்க மூணே வழி, கேபிள் கார், 580க்கு மேல இருக்கற படிக்கட்டு, இல்ல அதே படில போற கோவேறு கழுதை. கேபிள் கார் பயணம் என்னமோ மூணு நிமிஷம்தான், ஆனா ஒரே நாள்ல நாலஞ்சு கப்பல் வந்துட்டா சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்துல எறங்க நிப்பாங்க, க்யூ தெரு முழுக்க வளைஞ்சு போகும், ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்க வேண்டி வரும்.

எங்களுக்கு கடைசி டெண்டர் 5.30, கப்பல் கெளம்பறது 6 மணி. அக்காவும் மாமாவும் தனியா கார் புக் பண்ணி அதே தீவுல இயாங்கற ஊருக்கு போயிருந்தாங்க, பொண்ணு ஸ்விம்மிங் பூல விட்டு வரமாட்டேன்னு சொன்னதால நான் அவளோட இருந்துட்டேன். திரும்பி வர்ற ரோட்ல ரெண்டு டூர் பஸ் எதிரெதிரா வந்து நகர முடியாம நின்னு, க்யூவோட கடைசிக்கு வந்து சேரும்போதே 4.50 ஆயிடுச்சு. மாமா முட்டி ஆபரேஷன் பண்ணினவர், அத்தன படி எறங்க முடியாது. "நீ படில எறங்கி போயிடு, பொண்ணு தனியா இருக்கா, நான் எப்படியாவது வந்துக்கறேன்"னு அவர் சொன்னாராம், அக்கா அவர விட்டுட்டு போகல. அவங்க ரெண்டு பேரும் கீழ எறங்கி கேபிள் கார் கதவு தெறக்கும்போது மணி 6.15, கப்பல் கெளம்பி நகர ஆரம்பிச்சிடுச்சு.

இப்ப கப்பலுக்குள்ள. நாம எறங்கும்போதும் ஏறும்போதும் ரூம் கார்ட ஸ்கேன் பண்றாங்க இல்லையா, டிங்னு ஒரு சத்தம் வரும், நம்ம போட்டோ ஸ்க்ரீன்ல வரும், அதோட முக்கியத்துவம் அன்னிக்குத்தான் எனக்கு முழுசா புரிஞ்சுது. கடைசி டெண்டர் வந்து சேந்ததும் யாரெல்லாம் இன்னும் வெளிய இருக்காங்கன்னு லிஸ்ட் அவங்க கைல இருக்கும். ஸ்பீக்கர்ல அக்கா பேரும் மாமா பேரும் ரூம் நம்பரும் சொன்னாங்க, உடனே கெஸ்ட் சர்வீசஸுக்கு போன் பண்ணுங்கன்னாங்க. சில சமயம் ஸ்கேன் விழாமலே ஆள் உள்ள வந்திருப்பாங்க, அதுக்காகத்தான் இந்த அறிவிப்பு. ரெண்டாவது தடவையும் சொன்னாங்க. எங்க புக்கிங் ரெண்டும் லிங்க் பண்ணியிருந்ததால அடுத்த நிமிஷமே என் ரூமுக்கு போன் வந்துச்சு, அவங்க கூட பேசினீங்களா, எங்க இருக்காங்க, பொண்ணு உங்ககூடத்தான் இருக்காளா, அவளுக்கு நீங்க என்ன ஒறவுன்னு கேட்டாங்க. நல்லா கவனிங்க, மொதல் கேள்விகள்லயே கொழந்தைய பத்தி கேட்டாங்க. அந்த நாலரை மார்க்ல பாதி அதுக்குத்தான்.

அதுக்கப்புறம் என்னை அவங்க ரூமுக்கு வரச் சொன்னாங்க. செக்யூரிட்டில ரெண்டு பேர், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஒருத்தர். ஒருத்தர் சேஃப மாஸ்டர் சாவில தெறக்கறார், இன்னொருத்தர் கைல ஒரு ஃபார்ம், எடுக்கற ஒவ்வொரு பொருளையும் சத்தமா சொல்லி எழுதறார். ரெண்டு பாஸ்போர்ட், ஒரு கவர்ல கொஞ்சம் யூரோ, ஒரு கிரெடிட் கார்ட். நகைய தொடல, அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லி சேஃப மூடிட்டாங்க. மாமா சுகர் பேஷண்ட், மாத்திரை டப்பா பாத்ரூம் ஷெல்ஃப்ல இருந்துச்சு, அதையும் அனுப்ப முடியுமான்னு நான் கேட்டேன், அந்த ஆபீசர் ஒரு செகண்ட் கூட யோசிக்கல, மருந்துன்னா கண்டிப்பா அனுப்பணும் மேடம்னு சொல்லி ஃபார்ம்ல ஒரு வரி சேத்தார். எல்லாத்தையும் ஒரு தடி கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின எடத்துக்கு மேலயே என் கையெழுத்து வாங்கினாங்க. கெளம்பறதுக்கு முன்னாடி கரைலேந்து வந்த ஒரு லோக்கல் போட்ல அந்த கவர் ஏஜென்ட்டுக்கு போயிடுச்சு. இவ்வளவும் இருபது நிமிஷத்துக்குள்ள. அரை மார்க் கொறைச்சது ஏன்னா, நான் கேக்கலன்னா மாத்திரை போயிருக்காது. கூட யாருமே இல்லாம வர்ற வயசானவங்களுக்கு அத யாரு கேப்பாங்க? ரூம்ல மருந்து இருக்கான்னு பாக்கறதையும் அந்த ஃபார்ம்லயே ஒரு வரியா வெக்கணும்.

ஆள் எண்ணிக்கைய நான் ஏன் இவ்வளவு பெருசா சொல்றேன்னா, அது தவறினா என்ன ஆகும்னு ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கு. 2025 அக்டோபர்ல ஆஸ்திரேலியால லிசர்ட் தீவுல கோரல் அட்வென்சரர்ங்கற சின்ன எக்ஸ்பெடிஷன் கப்பல்ல வந்த 80 வயசு அம்மா ஒருத்தர் மலையேறப் போனவர் திரும்பல, அவர் உள்ள இல்லங்கறது தெரியாமலே கப்பல் கெளம்பிடுச்சு, சில மணி நேரம் கழிச்சு தெரிஞ்சு திரும்பி வந்து தேடினாங்க, மறுநாள் அவர் இறந்து கெடந்தத கண்டுபுடிச்சாங்க. அது படிச்சதுலேந்து கார்ட் ஸ்கேன் க்யூல யாராவது "எதுக்கு இவ்வளவு கெடுபிடி"ன்னு முணுமுணுத்தா எனக்கு கோவம் வருது.

சரி, ஆப். ஒண்ணுதான் குடுத்தேன், காரணத்த வெளக்கமா சொல்றேன். போர்ட் ஏஜென்ட்னா யாருன்னு நெறைய பேருக்கு தெரியாது. ஒவ்வொரு துறைமுகத்துலயும் கப்பல் கம்பெனி சார்பா வேல பாக்கற லோக்கல் ஆபீஸ், கஸ்டம்ஸ் இமிக்ரேஷன் பேப்பர்லேந்து தண்ணி, எரிபொருள், உடம்பு சரியில்லாத பயணிய ஆஸ்பத்திரில சேக்கறது வரைக்கும் எல்லாம் அவங்க மூலமாத்தான் நடக்கும். கப்பல விட்டவங்களுக்கும் மொத ஆள் அவங்கதான். முன்னல்லாம் தெனமும் ராத்திரி ரூம்ல மறுநாள் ப்ரோக்ராம் பேப்பர் வெப்பாங்க, அதோட அடில ஏஜென்ட் பேரும் போன் நம்பரும் இருக்கும், மடிச்சு பையில போட்டுக்கிட்டா முடிஞ்சுது. எங்க கப்பல்ல பேப்பர நிறுத்திட்டாங்க, எல்லாம் ஆப்லயே இருக்கு, வேணும்னா கவுன்டர்ல கேட்டு பிரிண்ட் வாங்கிக்கணும். அந்த ஆப் கப்பல் வைஃபைல மட்டும்தான் வேல செய்யும். கரைல நின்னுக்கிட்டு, கப்பல் போயிட்டிருக்கறத கண்ணால பாத்துக்கிட்டு, அக்கா ஆப்ப தெறந்தா "கப்பல் வைஃபையில் இணையவும்"னு ஒரே ஒரு வரி. போர்ட் ஏஜென்ட் நம்பர் யாருக்கு தேவை? கரைல நிக்கறவங்களுக்கு. அத கப்பலுக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும் தெரியற எடத்துல வெச்சா அது என்ன வேலை?

அக்கா எனக்கு வாட்ஸாப்ல கூப்பிட்டா, நான் நெட் பேக்கேஜ் வாங்கியிருந்தேன், அதனால கால் வந்துச்சு. "ஏஜென்ட்னு ஒருத்தர் இருப்பாங்கன்னு படிச்சேனே, நம்பர் எங்கடி இருக்கு"ன்னு கொரல் நடுங்குது. நான் என் ஆப்ல தேடினேன், இன்னிக்கு என்ன ப்ரோக்ராம், இன்னிக்கு என்ன மெனு, ஸ்பா ஆஃபர் எல்லாம் மொத பக்கத்துலயே இருக்கு, ஏஜென்ட் நம்பர் துறைமுகத்த பத்தின பக்கத்துக்குள்ள போயி, எல்லாத்துக்கும் கீழ, சின்ன எழுத்துல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். கப்பல்ல நாங்க யாரும் இல்லாம அவங்க ரெண்டு பேர் மட்டும் வந்திருந்தா? கம்பெனி கஸ்டமர் கேர் நம்பருக்கும் அக்கா ட்ரை பண்ணினா, புக்கிங்குக்கு ஒண்ண அமுக்குங்கன்னு ரெக்கார்ட் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இப்ப அஞ்சு மார்க் வாங்கின ஆள பத்தி சொல்லணும். ஏஜென்ட் ஆபீஸ்ல போன எடுத்தது ஒரு பொண்ணு, அக்கா ஹலோன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேர் பேரையும் அவங்களே சொன்னாங்களாம், "உங்க பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு, மருந்தும் இருக்கு, மேல ஏறிடாதீங்க, அஞ்சு நிமிஷத்துல வரேன்"னு. அந்த ஒரு வாக்கியத்துல அக்காவுக்கு பாதி உசுரு திரும்பி வந்துச்சுன்னு சொல்றா. வந்த ஒடனே மொதல்ல கவரக் காட்டி, ஒட்டு பிரியாம இருக்கறத பாருங்கன்னு சொல்லி, அவங்க முன்னாடியே கிழிச்சு, லிஸ்ட்ல இருக்கறத ஒண்ணொண்ணா டிக் பண்ணி குடுத்தாங்க. அப்புறம் மாமாவ உக்கார வெச்சு தண்ணி குடுத்து, சாப்டீங்களா, மாத்திரை போடற நேரம் என்னன்னு கேட்டாங்க.

அடுத்த துறைமுகம் மைகோனோஸ், அதுவும் கிரீஸ்லயே இருக்கறதால விசா பிரச்சனை இல்ல, மறுநாள் காலைல ஃபெர்ரில போயிடலாம், ஸ்பீட் ஃபெர்ரின்னா ரெண்டு மூணு மணி நேரம்தான். இங்க வெளியூர்க்காரங்க பண்ற தப்பு ஒண்ணு இருக்காம், அந்தப் பொண்ணு அதத்தான் மொதல்ல சொன்னாங்க. டெண்டர் வந்து நிக்கற பழைய துறைமுகம் வேற, ஃபெர்ரி கெளம்பற அத்தினியோஸ் துறைமுகம் வேற, அதுக்கு மறுபடி மேல ஏறி வேற ரோடு வழியா கீழ எறங்கணும், காலைல டாக்சி கெடைக்கறதும் கஷ்டம். டாக்சிய அப்பவே சொல்லி வெச்சுட்டாங்க. சீசன் நேரத்துல ரூம் கெடைக்கறது பெரும்பாடு, நாலு எடத்துக்கு போன் பண்ணி படி ஏறாம போற மாதிரி ஒரு ரூம் புடிச்சு குடுத்தாங்க, படி வேணாம்னு மாமா சொல்லவே இல்ல, அவர் நடந்து வந்தத பாத்தே அவங்களா கேட்டது. ஹோட்டல், ஃபெர்ரி, டாக்சி எல்லா செலவும் நம்மளதுதான், அது கம்பெனி தராது, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ரசீது அக்கா மாமா பேர்லயே வாங்கிக் குடுத்தாங்க, தனக்குன்னு எதுவும் கேக்கல. கெளம்பறதுக்கு முன்னாடி ஆபீஸ் லெட்டர்ஹெட்ல ஒரு லெட்டர், எந்தக் கப்பல், எத்தன மணிக்கு கெளம்புச்சு, இவங்க எத்தன மணிக்கு துறைமுகத்துக்கு வந்தாங்க, எப்படி அனுப்பி வெச்சோம்னு. அந்த லெட்டரோட மதிப்பு பின்னாடிதான் தெரிஞ்சுது.

காலைல காத்து ஜாஸ்தி, அந்தக் கடல்ல கோடைல வடக்கு காத்து அடிச்சா ஃபெர்ரி கேன்சல் ஆகறதும் உண்டு, அன்னிக்கு லேட்டா கெளம்பினதோட தப்பிச்சோம். மைகோனோஸ்ல ஃபெர்ரியும் பெரிய கப்பலும் பெரும்பாலும் ஒரே புது துறைமுகத்துலதான் வரும், அதனால எறங்கி நேரா கப்பலுக்கு நடந்து வந்துட்டாங்க. கேங்வேல, அதாவது கப்பலுக்குள்ள ஏறற பாலத்துல, கார்ட் ஸ்கேன் ஆகல, செவப்பு லைட்தான் வந்துச்சு, ஆனா செக்யூரிட்டி டேபிள்ல அவங்க ரெண்டு பேர் பேரும் எழுதின பேப்பர் தயாரா இருந்துச்சு, பாஸ்போர்ட்ட பாத்து கார்ட மறுபடி உயிர்ப்பிச்சு குடுத்தாங்க. நானும் பொண்ணும் உள்ள லிஃப்ட் கிட்ட நின்னோம். ராத்திரி ஃபுல்லா "சித்தி, அம்மா எப்ப வருவாங்க"ன்னு கேட்டுக்கிட்டே படுத்திருந்தவ, அவங்கள பாத்ததும் ஓடிப்போய் அப்பா கால கட்டிக்கிட்டா.

கப்பல் ஏன் நிக்கலன்னு அன்னிக்கு சாயங்காலம் எனக்கும் ஆத்திரம் இருந்துச்சு. மறுநாள் கெஸ்ட் சர்வீசஸ் மேனேஜர் உக்காத்தி வெச்சு பொறுமையா சொன்னார், அதுக்கப்புறம் நானும் தேடிப் படிச்சேன். நெறைய துறைமுகத்துல கப்பலுக்கு வழி காட்டற லோக்கல் பைலட் இல்லாம கப்பல் நகரக்கூடாது, அவர எந்த நேரத்துக்கு வரணும்னு முன்னாடியே புக் பண்ணியிருப்பாங்க, இழுவைப் படகுன்னா அதுவும் அப்படித்தான். நாம நிக்கற எடத்துக்கு அடுத்த கப்பல் வந்துட்டிருக்கும், அடுத்த ஊர்ல நமக்குன்னு எடமும் நேரமும் குறிச்சிருப்பாங்க. அரை மணி லேட்டா கெளம்பினா அத புடிக்க ராத்திரி முழுக்க வேகமா ஓட்டணும், எரிபொருள் செலவு வேகத்த விட பல மடங்கு ஏறும். ரெண்டு பேருக்காக ரெண்டாயிரம் பேரோட அடுத்த நாள் கெடும். சில நிமிஷம் கேப்டன் பொறுத்து பாப்பார், எங்க கப்பலும் பத்து நிமிஷம் லேட்டாத்தான் கெளம்புச்சு, அதுக்கு மேல கேக்கறது நியாயம் இல்ல. கேங்வே எடுத்தாச்சுன்னா கரைலேந்து கத்தினாலும் மறுபடி போட மாட்டாங்க, ஓடி வர்றவங்கள டெக்ல நின்னு கைதட்டி வீடியோ எடுக்கறாங்க பாருங்க, அத மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்த ஓடற ஆளுக்கு பின்னாடி என்ன இருக்குன்னு நமக்கு தெரியாது.

எங்களுக்கு நடந்தது லேசு. 2024 மார்ச்ல நார்வீஜியன் டான் கப்பல்ல வந்த எட்டு பேர் ஆப்பிரிக்கா பக்கத்துல சாவோ டோமே தீவுல தனியார் டூர் போயி லேட்டாயிட்டாங்க. கப்பல் இன்னும் கடல்ல நின்னுட்டுத்தான் இருந்துச்சு, தீவோட கோஸ்ட் கார்ட் அவங்கள படகுல கப்பல் வரைக்கும் கூட்டிட்டு போயும் ஏத்திக்கல. பாஸ்போர்ட் ஏஜென்ட்கிட்ட இருந்துச்சு, அது சரி. ஆனா அங்கேந்து அடுத்த ஊருக்கு நேரா ஃப்ளைட் கெடையாது, நாடு நாடா மாறி காம்பியாவுக்கு போனா, கடல் நெலமை சரியில்லாம கப்பல் அங்க கரைக்கே வரல, அப்புறம் செனகல்ல டாக்கார் வரைக்கும் தரை வழியா போயித்தான் கப்பல புடிச்சாங்க. அதுல கர்ப்பிணியும் இருந்தாங்க, நடக்க முடியாதவரும் இருந்தார். அதனால டூர் புக் பண்றதுக்கு முன்னாடி கண்டிப்பா பாருங்க, அடுத்த துறைமுகம் எந்த நாடு, அங்க போக வழி இருக்கா, நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா வேணுமான்னு. கப்பல்ல வந்து எறங்கும்போது பல நாடுகள்ல பகல் நேரத்துக்கு விசா இல்லாமலே விட்டுடறாங்க, கப்பல் போயிட்டா அந்த சலுகையும் கூடவே போயிடும், ஃப்ளைட்ல போனா அதே நாட்டுக்கு முறையான விசா கேப்பாங்க. எங்களுக்கு அடுத்த நிறுத்தம் மைகோனோஸ் இல்லாம துருக்கி குசாடாசியா இருந்திருந்தா அக்காவும் மாமாவும் ஷெங்கன, அதாவது ஒரே விசால சுத்தற ஐரோப்பிய நாடுகள, விட்டு வெளிய போயி துருக்கி விசா பாத்து, ஒரு தடவ மட்டும் நுழையற விசான்னா திரும்பி வரவும் முடியாம, நெனச்சுப் பாக்கவே பயமா இருக்கு.

அமெரிக்கால இன்னொரு விஷயம் இருக்கு. 1886லயே போட்ட ஒரு சட்டப்படி வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல் ஒரு அமெரிக்க துறைமுகத்துல ஆள ஏத்தி இன்னொரு அமெரிக்க துறைமுகத்துல பயணத்த முடிக்கற மாதிரி விடக்கூடாது, விட்டா ஆளுக்கு இவ்வளவுன்னு அபராதம். பெரும்பாலான பெரிய கப்பல் பஹாமாஸ், பனாமா மாதிரி வெளிநாட்டுக் கொடிதான். சியாட்டில்ல ஏறினவங்க அலாஸ்கால கெட்சிகன்ல கப்பல விட்டா, சட்டத்தோட கண்ணுல அவங்கள கப்பல் கெட்சிகன்ல எறக்கி விட்ட மாதிரி ஆயிடும். 2024ல நார்வீஜியன் என்கோர்ல வந்த ஒம்போது பேர் குடும்பம் அப்படி மாட்டி ஆளுக்கு 900 டாலருக்கு மேல கட்ட வேண்டி வந்துச்சு, இத்தனைக்கும் அவங்க போனது கப்பல் மூலமா டிக்கெட் வாங்கின ஷோ. அப்புறம் கம்பெனி பணத்த திருப்பித் தரதா சொல்லிச்சு.

கப்பல் மூலமா புக் பண்ற டூர் வெல ஜாஸ்திதான், ஆனா அந்த பஸ் லேட்டானா கப்பல் காத்திருக்கும், இல்லன்னா அடுத்த ஊருக்கு அவங்க செலவுல கொண்டு சேப்பாங்க, பொதுவா எல்லா பெரிய கம்பெனியும் இத எழுதியே குடுக்குது. நான் எல்லாத்துக்கும் கப்பல் டூர்தான் போகணும்னு சொல்லமாட்டேன். துறைமுகத்துலேந்து நடந்து போற தூரம்னா தனியா போங்க, நல்லாருக்கும். ரோம்னு போட்டிருக்கும், கப்பல் நிக்கறது சிவிட்டாவெக்கியால, ரோம் அங்கேந்து 80 கிலோமீட்டர் போல. பாரிஸ்னு போட்டிருக்கும், நிக்கறது லெ ஹாவ்ர், 200 கிலோமீட்டர் போல. இந்த மாதிரி தூரத்துக்கு, டெண்டர் போட் ஊருக்கு, சாண்டோரினி மாதிரி ஏறி எறங்க வழி கம்மியா இருக்கற ஊருக்கு, கப்பல் டூர் காசு குடுத்து வாங்கற நிம்மதி.

நேரம் இன்னொரு பெரிய குழி. கப்பல் நேரம் வேற, ஊர் நேரம் வேறயா இருக்கும், போன் தானா ஊர் நேரத்துக்கு மாறிக்கும். மெக்சிகோல கோசுமெல் தீவு இருக்கற மாநிலம் 2015லேந்து வருஷம் முழுக்க ஒரே நேரத்துல இருக்கு, கோடைல முள்ள நகத்தறதில்ல. மயாமிலேந்து கோடைல வர்ற கப்பல் தன் நேரத்துலயே இருந்தா ஊர விட ஒரு மணி நேரம் முன்னாடி இருக்கும். கப்பல்ல 4.30க்குள்ள வரணும்னா ஊர் கடிகாரத்துல அது 3.30, போன பாத்துக்கிட்டு 4.30க்கு ஜாலியா வர்றவங்களுக்கு வெறும் தண்ணிதான் தெரியும். கையில கட்டற சாதா வாட்ச்ச கப்பல் நேரத்துக்கு வெச்சுக்கறது ரொம்ப உத்தமம். எங்க மேனேஜர் சொன்னதும் அதேதான், கப்பல விடறவங்கள்ல பாதிப்பேர் கைல போன புடிச்சுக்கிட்டு இன்னும் நேரம் இருக்கேன்னு சண்டைக்கு வருவாங்களாம்.

மொத நாளே கப்பல் ஏற லேட்டானா கத இன்னும் மோசம், அது வேற பெரிய பதிவு. அமெரிக்க துறைமுகம்னா கெளம்பறதுக்கு 60 நிமிஷம் முன்னாடியே பயணி லிஸ்ட அரசாங்கத்துக்கு அனுப்பியாகணும், அதுக்கு முன்னாடியே செக்-இன மூடிடுவாங்க, கப்பல் கண்ணு முன்னாடி நின்னாலும் ஏற முடியாது, டிக்கெட் காசும் போச்சு. கப்பல் கெளம்பற அன்னிக்கே ஃப்ளைட் புடிச்சு வர்ற வேலை வேணாம், முந்தின நாளே போயிடுங்க.

இன்சூரன்ஸ். கெளம்பற கப்பலயோ ஃப்ளைட்டயோ விட்டுட்டா பணம் தர்ற மிஸ்டு டிபார்ச்சர் கவர் இருக்குன்னு பாலிசில பெருசா போட்டிருக்கும், ஆனா பல பாலிசில பப்ளிக் ட்ரான்ஸ்போர்ட் லேட், ஆக்சிடென்ட், உடம்பு சரியில்ல இந்த மாதிரி காரணம் காட்டணும், சொந்தமா சுத்தப்போயி லேட்டானா தர மாட்டாங்க. அக்கா க்ளெய்ம் போட்டிருக்கா, அவங்க கேட்ட மொத பேப்பரே எத்தன மணிக்கு வந்தாங்கன்னு மூணாவது மனுஷங்க எழுதின சாட்சி, அதான் ஏஜென்ட் குடுத்த அந்த லெட்டர். மாட்டிக்கிட்டா அந்த ஊர விட்டு கெளம்பறதுக்கு முன்னாடி அந்த லெட்டர நீங்களா கேட்டு வாங்குங்க, எல்லா ஏஜென்ட்டும் தானா எழுதித் தருவாங்கன்னு சொல்ல முடியாது. ஃபெர்ரி காசாவது வரும்னு இன்சூரன்ஸ் ஏஜென்சில சொல்றாங்க, ஹோட்டல் சந்தேகம்தான்.

ஒவ்வொரு துறைமுகத்துலயும் எறங்கறதுக்கு முன்னாடி ஏஜென்ட் நம்பர போட்டோ எடுத்து போன் கேலரில வெச்சுக்கோங்க, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, ஒரு துண்டு பேப்பர்லயும் எழுதி பர்ஸ்ல வைங்க, சார்ஜ் போயிட்டா? பாஸ்போர்ட்டோட நகல் கைல இருக்கட்டும், ரெண்டு வேள மருந்தும் கைப்பைல இருக்கட்டும். பெரியவங்கள தனியா அனுப்பி வெக்கறவங்க இத அவங்களுக்கு போன்ல சொல்றதோட விடாதீங்க, நீங்களே எழுதி பர்ஸ்ல வெச்சு அனுப்புங்க.

கம்பெனிக்கு நான் நீளமா மெயில் போட்டேன். கெஸ்ட் சர்வீசஸ், செக்யூரிட்டி, ஏஜென்ட் மூணு பேரையும் பாராட்டி எழுதி, ஏஜென்ட் நம்பர ரூம் கார்டோட ஒரு சின்ன சீட்டா குடுங்க, இல்ல ஆப்ல நெட் இல்லாமலே தெறக்கற மாதிரி வைங்கன்னு கேட்டேன். "உங்கள் கருத்தை சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்"னு ஒரு வரி பதில் வந்துச்சு, ஆப்ல இன்னும் ஒண்ணும் மாறல, நேத்துகூட பாத்தேன். மாத்தினாங்கன்னா நான் இங்கயே வந்து அந்த ஒரு ஸ்டார அஞ்சாக்கிடறேன்.